மைப்படிகளைத் திறந்து விடுங்கள்

காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றின் சிவன் கோயில் அதிட்டானத்தில் 10ஆம் நூற்றாண்டு எழுத்தில் ஒரு கல்வெட்டு. ‘கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு 12’ என்று தொடங்குகிறது. ஊர்க்காரர் ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஏற்பாடு செய்கிறார். விளக்குக்கு நெய் வேண்டும். நெய்க்காக 90 ஆடுகளைத் தருகிறார். அவை ‘சாவா மூவாப் பேராடு’கள், அதாவது கிழடும் செத்ததும் போனாலும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் யார், ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் யார், நாளொன்றுக்கு எவ்வளவு நெய் என்பதெல்லாம் தெளிவாக இருக்கின்றன. சோழநாட்டில் இப்படிப்பட்ட கல்வெட்டுகள் ஏராளம். அவற்றில் விளங்காதது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: இது எந்தப் பரகேசரி?

சோழ மன்னர்கள் ராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டவர்கள். முதலாம் பராந்தகன் பரகேசரி. அவன் பேரன் மகன் இரண்டாம் ஆதித்தனும் பரகேசரி. உத்தம சோழனும் பரகேசரி. பராந்தகன் என்றால் அந்த 12ஆம் யாண்டு கி.பி. 919 வாக்கில் வரும். உத்தம சோழன் என்றால் 982. இடையில் அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டுகளுக்குள்தான் தக்கோலத்தில் சோழப்படை தோற்றது, தொண்டை மண்டலம் கையை விட்டுப் போனது, திரும்ப வந்தது. ‘மதிரைகொண்ட’ என்றொரு அடைமொழியைக் கல்தச்சன் சேர்த்திருந்தால் பராந்தகன் என்று சொல்லிவிடலாம். பல இடங்களில் சேர்க்கவில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாத பதிப்பாசிரியர்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 13ஆம் தொகுதியை ராசகேசரிகளுக்கும் 19ஆம் தொகுதியைப் பரகேசரிகளுக்கும் ஒதுக்கி, ஆள் தெரியாதவர்களையும் அவற்றில் சேர்த்து அச்சிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்திய வரலாற்றெழுத்தின் மிக நேர்மையான புத்தகங்களில் அவை இரண்டும் அடங்கும். தெரியாததைத் தெரியாது என்றே பக்கம் பக்கமாக அச்சிட எத்தனை துறைகளுக்குத் துணிவு உண்டு?

கல்வெட்டறிஞர்கள் இந்த முடிச்சை அவிழ்க்கச் சில வழிகள் வைத்திருக்கிறார்கள். எழுத்தின் வடிவம் ஒன்று. கல்வெட்டில் வரும் அதிகாரியின் பெயர் வேறொரு கல்வெட்டில் காலம் தெரிந்த மன்னனோடு வருகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. நாட்டுப் பெயர், வரிப் பெயர், அளவைப் பெயர், தொடரின் அமைப்பு எல்லாம் துப்புகள். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை மனத்தில் வைத்திருக்கும் ஒருவரால்தான் இது முடியும். அப்படிப்பட்டவர்கள் எப்போதுமே ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். இப்போது அந்த விரல்களும் குறைந்துவருகின்றன.

இதே வகை வேலையைக் கிரேக்கக் கல்வெட்டுகளில் ஒரு கணினி நிரல் செய்துகாட்டிவிட்டது. ‘இத்தாக்கா’ என்ற அந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2022 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சிதைந்த இடத்தில் என்ன எழுத்து இருந்திருக்கும், கல்வெட்டு எந்தப் பகுதியைச் சேர்ந்தது, எந்தக் காலத்தது என்ற மூன்றையும் அது ஊகிக்கிறது. சிதைந்த பகுதியை நிரப்புவதில் வரலாற்றாசிரியர்கள் தனியாக முயன்றபோது 25 விழுக்காடு சரியாக வந்தது. நிரல் தனியாக 62. வரலாற்றாசிரியர் நிரலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது 72. கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி எண்தான். காலக் கணிப்பில் சராசரியாக 30 ஆண்டுகளுக்குள் வந்து நிற்கிறது. ஏதென்ஸின் சில அரசாணைகளை ஓர் எழுத்தின் பழைய வடிவத்தை வைத்து கி.மு. 446க்கு முந்தியவை என்று ஒரு தரப்பும், அதற்குப் பிந்தியவை என்று மறுதரப்பும் நெடுங்காலம் வாதிட்டுவந்தன. நிரல் கி.மு. 421ஐ ஒட்டிக் கை காட்டியது; பிந்தியவை என்ற தரப்புக்கு அது வலுச் சேர்த்தது. 2025 ஜூலையில் லத்தீன் கல்வெட்டுகளுக்கும் ‘ஈனியஸ்’ என்ற பெயரில் ஒரு மாதிரி வந்துவிட்டது.

செய்தியைப் படித்த நம்மவர்கள் பலரின் முதல் எண்ணம், தமிழுக்கும் இப்படி ஒன்று செய்யலாமே என்பதுதான். செய்யலாம். ஆனால் அந்தச் செய்தியில் பின்வரிசையில் நின்றுவிட்ட ஒரு தகவல் உண்டு. இத்தாக்காவைப் பயிற்றுவித்தது பேக்கர்டு மானுடவியல் நிறுவனத்தின் கிரேக்கக் கல்வெட்டுத் திரட்டைக் கொண்டு. 1980களிலிருந்து பல்கலைக்கழக ஆட்கள் ஒவ்வொரு பதிப்பாக எடுத்து வைத்துத் தட்டச்சு செய்து சேர்த்த 1,78,000க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் அதில் இருந்தன. சிறு துண்டுகளையும் ஒன்றே இருமுறை வந்தவற்றையும் கழித்துச் சலித்த பிறகு ஏறத்தாழ 78,000 மிஞ்சின. லத்தீன் மாதிரிக்கோ ஹைடல்பர்க் திரட்டு உட்பட மூன்று பெரிய திரட்டுகளிலிருந்து 1,76,000. ஹைடல்பர்க் திரட்டைத் தொடங்கியவர் கேசா அல்ஃபோல்டி என்ற வரலாற்றாசிரியர், 1986இல். அப்போது செயற்கை நுண்ணறிவு அவர் நினைவில்கூட இருந்திருக்காது. கல்வெட்டுகளை எண் போட்டு, ஒரே வடிவில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி சேர்த்து வைத்தார், அவ்வளவுதான். இந்த மாதிரிகளை உருவாக்கிய கூகுள் பொறியாளர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் பெயர் தெரியாதவர்கள் குவித்துவைத்த பண்டசாலையின் கதவு திறந்து கிடந்ததால்தான் அந்தத் திறமைக்கு வேலை இருந்தது.

உயிரியலில் இதற்குத் தோதான இன்னொரு சான்று உண்டு. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1971இல் ஏழே ஏழு புரதக் கட்டமைப்புகளோடு புரதத் தரவு வங்கி தொடங்கியது. கட்டமைப்பைக் கண்டறிந்தவர் அதன் அணு ஆயங்களை வங்கியில் போட்டால்தான் ஆய்விதழ் கட்டுரையை வெளியிடும் என்ற விதி காலப்போக்கில் வந்தது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கு மேல். ‘ஆல்ஃபாஃபோல்டு’ அதைக் கொண்டுதான் கற்றது. 2024 வேதியியல் நோபலில் பாதி அதற்குப் போனது. அந்த வங்கிக்குள் வரும் கட்டமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கும் அளவுகோல்களில் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு 1963இல் வெளியிட்ட வரைபடம். பரிசு வாங்கியவர்களின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. வங்கியைப் பராமரித்தவர்களின் படம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்படி எண் போட்டுச் சேர்த்து வைக்கும் எண்ணம் தமிழ்க் கல்வெட்டுகளுக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். 1886இல் சென்னை மாகாண அரசின் கல்வெட்டாய்வாளராக ஜெர்மானியர் ஹுல்ட்ஷ் நியமிக்கப்பட்டார். 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வரத் தொடங்கின. எந்தெந்த ஊரில் எந்தெந்தச் சுவரில் படி எடுத்தார்கள், எந்த மன்னன், எந்த யாண்டு, உள்ளடக்கம் என்ன என்பதை ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பட்டியலிட்டார்கள். கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூலின் அடிக்குறிப்புகளைப் புரட்டினால் இந்த எண்கள்தான் வரிசை கட்டி நிற்கும். இன்ன ஆண்டின் இத்தனையாம் எண் என்றால் உலகின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளருக்கும் எந்தக் கோயில் சுவர் என்று விளங்கும். இன்றைய கணினித் திரட்டுகள் அடிப்படையாகக் கேட்பதும் இதையேதான்: ஒரு பொருளுக்கு மாறாத ஓர் எண்.

அந்த எண்களைக் கொண்டு கணக்குப் போடவும் நம் துறையில் ஆள் இருந்தார்கள். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஜப்பானியர் நொபொரு கராஷிமா, தமிழ்க் கல்வெட்டுகளைத் தனித்தனிக் கதைகளாகப் படிக்காமல் தொகுதியாக எண்ணிப் பார்த்தவர். திருச்சிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு சோழர் கால ஊர்களை ஒப்பிட்டு 1966இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வேளாளர் ஊரான அல்லூரில் நிலம் ஊராரின் பொதுவுடைமையாகவும் பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் தனியாருடைமையாகவும் இருந்ததைக் காட்டிய கட்டுரை அது. பிறகு ஒய்.சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர்கள் அனைத்துக்கும் மூன்று தொகுதி அடைவு ஒன்றை 1978இல் கொண்டுவந்தார். ‘மூவேந்த வேளான்’ என்ற சோழர் காலப் பட்டம் யார் யாருக்கு, எந்தக் காலத்தில், எந்த நாட்டில் என்று கேட்டால் விடை தரும் கருவி அது. அச்சிட்ட தரவுத்தளம் என்றே சொல்லலாம்.

இதற்கு ஓராண்டு முன்பு, 1977இல், ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்கான தொடரடைவை வெளியிட்டார். 417 குறியீடுகள், எந்தக் குறியீடு எந்த முத்திரையில் எந்த இடத்தில் எதற்கு அடுத்து வருகிறது என்ற அட்டவணைகள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி உதவியோடு செய்த வேலை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2009இல், ராஜேஷ் ராவ் தலைமையிலான குழு அந்தக் குறியீடுகளின் வரிசையில் மொழிக்குரிய ஒழுங்கு இருக்கிறது என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதியபோது கையில் வைத்திருந்தது மகாதேவனின் இந்தத் திரட்டைத்தான். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவரும் அந்தக் குழுவில் இருந்தார், மகாதேவனும் இருந்தார். அவர்களின் முடிவை மறுப்பவர்கள் உண்டு. மறுப்பவர்களும் அதே திரட்டை எடுத்து வைத்து மறுக்க முடிகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதல்வர் அறிவித்தார். நல்லது. படிக்கவே முடியாத எழுத்துக்கு அவ்வளவு. படிக்க முடிந்த, படித்தும் அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகளைக் கணினியில் ஏற்றுபவருக்கு என்ன பரிசு?

நிலவரத்தைப் பார்ப்போம். தமிழ்க் கல்வெட்டுகள் மொத்தம் எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். மேடையில் ஒன்று, நீதிமன்றத்தில் ஒன்று, அமைச்சரின் அறிக்கையில் ஒன்று. எண்ணி முடிக்கப்பட்ட பொதுப் பட்டியல் ஒன்று இல்லாத வரை இது இப்படித்தான் இருக்கும். மத்தியத் தொல்லியல் துறை எடுத்த மைப்படிகள் ஒருபுறம். 1961இல் உருவான மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்ட, வட்டத் தொகுதிகள் ஒருபுறம். 1929இல் புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட தொகுதி, திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை, தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் கொண்டுவரும் ‘ஆவணம்’ இதழ் என்று இன்னும் பல. ஆண்டறிக்கையில் நான்கு வரிச் சுருக்கம் மட்டும் வந்து, முழுவாசகம் நூறாண்டாக அச்சேறாத கல்வெட்டுகள் உண்டு. அச்சேறிய ஒன்றே இரண்டு மூன்று தொகுதிகளில் வெவ்வேறு எண்ணில், வெவ்வேறு பாடத்தோடு நிற்பதும் உண்டு.

மைப்படி எடுப்பது லேசான வேலை அல்ல. சுவரைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மையொற்றியால் ஒற்றி எடுக்க வேண்டும். கருப்புப் பரப்பில் வெள்ளை எழுத்துகள் எழும்பும். வெயிலிலும் வௌவால் நாற்றத்திலும் நின்று தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது. அந்தத் தாள்கள் பலவற்றுக்கு இன்று மூலமே இல்லை. திருப்பணி என்ற பெயரில் சுவரைப் பிரித்தார்கள். கல்லை மாற்றி அடுக்கினார்கள். சுண்ணாம்பும் வண்ணமும் பூசினார்கள். மணல் வீச்சால் எழுத்தையே உரித்தார்கள். கூக்குரல் எழுந்த பிறகு மணல் வீச்சுக்குத் தடை வந்தது, உரித்தது உரித்ததுதான். அந்த இடங்களில் பழைய தாள்தான் இப்போது கல்வெட்டு.

அந்தத் தாள்கள் எங்கே இருக்க வேண்டும் என்று பெரிய வழக்கே நடந்தது. உதகமண்டலத்தில் இருந்த கல்வெட்டுத் தலைமையகம் 1966இல் மைசூருக்குப் போனது. மைசூரில் உள்ள தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மகிழ்ந்தோம். ஆனால் ஒரு பீரோவிலிருந்து இன்னொரு பீரோவுக்குப் போவதால் தாளுக்கு என்ன விடிவு? மைசூரா சென்னையா என்று காட்டிய வேகத்தில் பாதியை, ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து எல்லாருக்கும் கொடு என்று கேட்பதில் காட்டியிருக்கலாம்.

2023–24 மத்திய பட்ஜெட்டில் ‘பாரத் ஸ்ரீ’ என்ற கல்வெட்டுப் பகிர்வுக் களஞ்சியம் அறிவிக்கப்பட்டது. ஹைதராபாத்தில் ஓர் எண்மக் கல்வெட்டு அருங்காட்சியகம். முதல் கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகள் எண்மமாகும் என்றார்கள். வரவேற்க வேண்டிய திட்டம். அதன் பெயரிலேயே பகிர்வு என்று இருப்பதால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: பார்க்கத் தருவீர்களா, எடுத்துக்கொள்ளத் தருவீர்களா? நம் அரசுத் தளங்களின் வழக்கம் தெரிந்ததுதான். படம் திரையில் தெரியும், பெரிதாக்கினால் மங்கும், குறுக்கே துறையின் முத்திரை ஓடும், தரவிறக்கப் பொத்தான் இருக்காது, இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். அந்த நிலையில் அது காட்சிக்கூடமே தவிரக் களஞ்சியம் ஆகாது. ஆய்வாளர் ஒருவர் கொங்குப் பகுதிக் கல்வெட்டுகள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டு, மின்சாரம் போனாலும் மடிக்கணினியில் வைத்து வேலை செய்ய முடிய வேண்டும். அதற்கு யாரிடமும் கடிதம் எழுதி அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது.

சட்டம் இதற்குத் தடை போடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீடுகளின் உரிமை, வெளியான ஆண்டுக்குப் பிறகு அறுபது ஆண்டுகள்தான். 1964 வரை வந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் ஆண்டறிக்கைகளும் ஏற்கெனவே பொதுச் சொத்து. ராசகேசரிகளின் 13ஆம் தொகுதி அதில் அடக்கம். எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கிப் பழகிய மாநிலம் இது. தன் தொல்லியல் துறை வெளியிட்ட தொகுதிகளைத் திறந்த உரிமத்தில் விட ஓர் அரசாணை போதும். அவற்றில் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படக்கோப்பாக ஏற்கெனவே கிடைக்கின்றன. படக்கோப்பு கண்ணுக்கு உதவும். தேடவும் எண்ணவும் ஒப்பிடவும் எழுத்து வேண்டும்.

எழுத்தாக மாற்றும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பழைய தமிழ்க் கல்வெட்டில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். ரகரமும் ஆகாரக் காலும் ஒன்றுபோல இருக்கும். கல்லில் உள்ள ஐந்து வடிவங்களைப் பதிப்பாசிரியர் ஒரு சொல்லாகப் படிக்கும்போது பாதி அவருடைய முடிவு. அதை அவர் மறைக்கவில்லை: சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்புக்குள் போட்டார், கல்தச்சன் விட்டதைத் தானாகச் சேர்த்தால் உடுக்குறி இட்டார். கிரேக்க, லத்தீன்காரர்கள் இத்தகைய குறிகளை 1931இல் லெய்டன் நகரில் கூடிப் பேசி ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் கணினி வந்தபோது அதையே ‘எபிடாக்’ என்ற குறியீட்டு முறையாக மாற்றிக்கொண்டார்கள். நம் ஊரில் தொகுதிக்குத் தொகுதி, துறைக்குத் துறை குறி மாறுகிறது. அவசரத்தில் தட்டச்சு செய்பவர் அடைப்பையும் உடுக்குறியையும் உதிர்த்துவிட்டால், 1910இல் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்ன ஊகம் 2026இல் கல்லில் வெட்டிய உண்மையாக இயந்திரத்துக்குள் போகும். அந்த ஊகத்தின் மேல் இயந்திரம் இன்னோர் ஊகத்தைக் கட்டும்.

ஆகவே, படம் தனியாக, கல்லில் கண்டபடி எழுத்து தனியாக, படித்தவரின் வாசிப்பு அவர் பெயரோடு தனியாக இருக்க வேண்டும். ஒரே கல்வெட்டுக்கு இரண்டு வாசிப்புகள் இருந்தால் இரண்டும் இருக்கட்டும். எது சரி என்று களஞ்சியம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முன்மாதிரி தேடி அலைய வேண்டாம். 2019இல் ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுவின் நிதியில் தொடங்கிய ‘தர்மா’ திட்டம் பல்லவர் கல்வெட்டுகள் முதலான தமிழ்க் கல்வெட்டுகளையும் எபிடாக் முறையில் குறியிட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிறது. பாரிஸில் அமர்ந்து செய்ய முடிந்ததைத் தஞ்சாவூரிலும் எழும்பூரிலும் செய்ய முடியாதா?

எழுத்துருத் தடையும் நீங்கிவிட்டது. ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ தொடங்கிக் கல்வெட்டு நெடுக வரும் கிரந்த எழுத்துகளுக்கு 2014 முதல் யூனிகோடில் இடம் உண்டு. வேலி, மா, காணி என்று இறங்கி முந்திரிக்கும் கீழே போகும் பின்னக் குறிகள் உட்பட 51 பழங்குறியீடுகள் 2019இல் சேர்ந்தன. நிலத்தை 320இல் ஒரு பங்குக்கும் கீழே அளந்து கணக்கு வைத்தவர்களின் கணக்கை, அரைகுறையாக ‘பின்னம்’ என்று தட்டச்சு செய்துவிட்டுப் போக இனி காரணம் இல்லை.

இனி மறுப்புகள். ஒன்று உண்மையிலேயே கனமானது, அது கண்டுபிடித்தவரின் உரிமை. புதிய கல்வெட்டுகளைப் பெரும்பாலும் கண்டுபிடிப்பவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஞாயிற்றுக்கிழமை இருசக்கர வண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றும் ஆர்வலர்கள். சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுப் போய், முள்ளை வெட்டி, மாவு பூசிப் படித்து வந்ததை வேறொருவர் தன் பெயரில் கட்டுரை ஆக்கிக்கொள்வது இங்கே நடக்காத கதை அல்ல. அந்தப் பயத்தால் பலர் படத்தைக் கைப்பேசியிலேயே வைத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வருகிறது, வாசகம் வருவதில்லை. என் பார்வையில் இந்தப் பயத்துக்கு மருந்து மூடி வைப்பதில் இல்லை, பதிவதில்தான் இருக்கிறது. பதிந்த நாள், பதிந்தவர் பெயர், மாறாத எண் மூன்றும் உடனே பொதுவில் ஏறிவிட்டால் பிறகு எவரும் முந்திக்கொள்ள முடியாது. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கட்டுரையும் அந்த எண்ணைச் சொல்லியாக வேண்டும். புரத வங்கியைப் போல இங்கும் ஒரு விதி தேவை. களஞ்சிய எண் இல்லாத கல்வெட்டுக் கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. பல்கலைக்கழகங்கள் அதைக் கொண்டு முனைவர் பட்டம் தரக் கூடாது.

சிலைத் திருடர்களுக்கு வழி காட்டுவதாகிவிடும் என்ற அச்சத்தை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். காட்டில் தனியாக நிற்கும் நடுகல்லின் துல்லியமான இடத்தை மறைத்து, ஊர்ப் பெயரோடு நிறுத்தலாம். கோயில் சுவருக்கு இது பொருந்தாது. சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தேவதான நிலங்களைப் பற்றிய வாசகங்கள் வெளியே வந்தால் வழக்குகள் பெருகும் என்றும் சொல்கிறார்கள். வழக்கறிஞர்கள் இப்போதும் தொகுதிகளைத் தேடி எடுத்துக்கொண்டுதான் நீதிமன்றம் போகிறார்கள். தேடத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைப்பது எல்லாருக்கும் கிடைப்பதைவிட எப்படி நியாயமாகும்?

இயந்திரம் தவறாகப் படிக்கும் என்பது இன்னொரு மறுப்பு. படிக்கும். இன்றைய உரையாடல் செயலிகளிடம் தேய்ந்த கல்வெட்டின் படத்தைக் கொடுத்துப் பாருங்கள்: எழுத்தே இல்லாத இடத்திலும் தங்கு தடையில்லாமல் வாசகம் சொல்லும், மன்னன் பெயர், ஆண்டு, நிலத்தின் எல்லை எல்லாம் தரும், தொகுதி எண்கூடத் தரும், போய்ப் பார்த்தால் அந்த எண்ணில் வேறு ஊர் இருக்கும். ஆனால் இது களஞ்சியம் வேண்டாம் என்பதற்கான காரணம் அல்ல. சரிபார்க்க ஒரு பொது மூலம் இல்லாததால்தான் இந்தப் பொய்கள் புழங்குகின்றன. இத்தாக்கா ஒரு சிதைவுக்கு ஒரே விடை சொல்வதில்லை. இருபது ஊகங்களை நிகழ்தகவோடு வரிசைப்படுத்தித் தருகிறது. லத்தீன் மாதிரி ஒரு படி மேலே போய், ஒத்த கல்வெட்டுகளைத் திரட்டிலிருந்து எடுத்து முன்னால் வைக்கிறது. சோதித்துப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் பெரிதும் பாராட்டியது அந்த ஒப்புமைப் பட்டியலைத்தான். தீர்ப்பு மனிதரிடம் இருக்கிறது. தேடி எடுத்துக் கொடுக்கும் அலைச்சல் இயந்திரத்திடம்.

கல்வெட்டறிஞர் சிலருக்கு இதில் வேறொரு தயக்கம் உண்டு. திருத்தமாகப் பதிப்பித்த பிறகு வெளியிடலாம், அதுவரை பொறுங்கள் என்பார்கள். அவர்களுடைய கவலை தரத்தைப் பற்றியது, மதிக்கிறேன். இருந்தும் நூறு ஆண்டு பொறுத்தாகிவிட்டது. திருத்தமான பதிப்பு ஒன்றுக்காக ஆயிரம் தாள்கள் மங்கிப் போவதைவிட, ‘சரிபார்க்கப்படாதது’ என்று முகப்பில் எழுதி ஆயிரம் தாள்களையும் இன்றே வெளியே விடுவது மேல். சரிபார்க்க வெளியிலும் ஆள் இருக்கிறார்கள். 1998இல் மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்தையும் காப்பியங்களையும் தன்னார்வலர்களைக் கொண்டே மின்பதிப்பாக்கத் தொடங்கியபோது எந்த அரசும் கூட நிற்கவில்லை. மாநிலத் தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் கல்வெட்டுப் பட்டயப் படிப்பு நடத்துகின்றன. ஒவ்வொரு மாணவரும் படிப்பு முடிவதற்குள் இருபது கல்வெட்டுகளை முறைப்படி குறியிட்டுக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்தால் அவருக்கும் பயிற்சி, நமக்கும் சேமிப்பு.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் அந்த இரண்டு தொகுதிகளைத்தான் காட்டுவேன். 13ஐயும் 19ஐயும் எழுத்தாக்குங்கள். கூடவே காலம் உறுதியாகத் தெரிந்த முற்காலச் சோழர் கல்வெட்டுகள் அனைத்தையும் ஏற்றுங்கள். ‘மதிரைகொண்ட’ என்ற அடைமொழியுள்ள கல்வெட்டுகளில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கி, அவற்றில் அந்தச் சொல்லை மட்டும் மறைத்து இயந்திரத்திடம் கொடுங்கள். அதிகாரியின் பெயரையும் ஆட்டின் எண்ணிக்கையையும் வரிப் பெயர்களையும் தொடர் அமைப்பையும் வைத்துப் பராந்தகனை அது கண்டுபிடிக்கிறதா பார்க்கலாம். பத்துக்கு எட்டு சரியாக வந்தால், ஆள் தெரியாத பரகேசரிகளை அதன் முன்னால் வைக்கலாம். இரண்டுதான் வந்தது என்றால் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஒவ்வொரு பெயரையும் நொடியில் தேடி எடுக்கும்படி இரண்டு தொகுதிகளும் அப்போது கையில் இருக்கும், மூன்று தொகுதிப் பெயரடைவைக் கணினி அரிதாக இருந்த காலத்திலேயே செய்து முடித்தவர்களின் மாணவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.